பின்னால வாரவன்

ஐப்பசி வெயிலை நம்பக் கூடாது. காலையில் மண்டையைப் பிளக்கும். சோற்றுச் சட்டியை இறக்குவதற்குள் மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். பழம் பழுத்துத் தொங்குகிற நேரத்தில் ஒரு மழை கொட்டினால் போதும், பன்னீர்த் திராட்சை அத்தனையும் தோல் வெடித்துப் போகும். வெடித்த பழத்தை வாங்க நாதி கிடையாது. கம்பத்துக்குத் தெற்கே வாய்க்கால் கரைத் தோட்டத்தில், அன்றைக்குச் சந்தனம்மாள் வானத்தைத் திட்டிக்கொண்டேதான் அழுகல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அழுகல் எடுப்பது லேசான வேலை என்று ரோட்டில் போகிறவர்கள் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். குலையை இடது கையில் நோகாமல் தாங்கி, சின்னக் கத்தரியால் கெட்ட பழத்தை மட்டும் நறுக்கி எடுக்க வேண்டும். நல்ல பழத்தில் விரல் பட்டு அதன் வெள்ளைப் பூச்சு அழிந்துவிட்டால் வியாபாரி மூஞ்சியைச் சுளிப்பார். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் நாள் பூராவும் அண்ணாந்தே நிற்க வேண்டும். சந்தனம்மாளுக்குக் கழுத்து எப்போதோ பின்பக்கம் வளைந்துவிட்டது. கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் குனிந்து சாப்பிடுவதுதான் இப்போதெல்லாம் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வாய்க்கால் முக்கில் டவுன் பஸ் வந்து நின்றது. பக்கத்து வரிசையில் கூலிக்கு அழுகல் எடுத்துக்கொண்டிருந்த முத்துமாரிதான் முதலில் பார்த்தாள்.

"எக்கா, ஒம் மக வாரா."

"எம் மகளா? மெட்ராஸ்ல இருக்கவ இங்கன எதுக்குடி வாரா? வெயிலு ஒன் கண்ணக் கட்டிருச்சு."

"திரிஷாதான்க்கா. பெரிய பையத் தூக்க மாட்டாமத் தூக்கிட்டு வாரா பாரு."

பெரிய பை என்றதும் சந்தனம்மாள் குலையை விட்டுவிட்டுத் திரும்பினாள். தீபாவளிக்கே லீவு கிடைக்கவில்லை என்று வராமல் இருந்தவள். ஒரு போன் இல்லை, தாக்கல் இல்லை. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்புக்கு ஓடினாள்.

"என்னத்தா, சொல்லாம கொள்ளாம?"

"லீவும்மா" என்றாள் திரிஷா. கண்ணுக்குக் கீழே கருவளையம். பையை வாங்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வரப்பில் நடந்தாள். பிறகு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

திரிஷா பார்ப்பது என்ன வேலை என்பதில் அந்த வட்டாரத்துக்கே ஒரு தெளிவு கிடையாது. விமானம் ஓட்டுகிறாள் என்று பாதிப் பேர் சொன்னார்கள். கொடி ஆட்டுகிறாள் என்று மீதிப் பேர். பெரிய பரீட்சை எழுதி, சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, கண்ணாடித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிறாள் என்று பெற்ற தாய்க்கு மட்டும் ஏறக்குறையத் தெரியும். வானத்தில் ஏது வழி, அதில் ஏது முக்கு, சந்து என்றெல்லாம் அவள் கேட்டுக்கொண்டதில்லை. மகள் வெயிலில் நிற்காத வேலை, அண்ணாந்து பார்க்காத வேலை. அவளுக்கு அது போதும்.

மறுநாள் காலையில் முத்துமாரி கத்தரியை எடுக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"எக்கா, தப்பா நெனக்காத. ஊருக்குள்ள ஒரு பேச்சு."

"என்ன பேச்சு?"

"ஒம் மக ரெண்டு ப்ளேன மோத விட்டுட்டாளாம்ல? அதான் சீட்டக் கிழிச்சு அனுப்பிட்டாகளாம்."

"எந்தச் சிறுக்கி சொன்னா?"

"பஸ்சுல வரும்போது அது போன்ல பேசிக்கிட்டு வந்துச்சாம். 'ரெண்டும் கிட்ட வந்துருச்சு, என் தப்புதான்'னு சொல்லி அழுதுச்சாம். பின்சீட்டுல இருந்தவுக சொன்னாக."

சந்தனம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு விமானம் மோதியிருந்தால் டிவியில் கதறியிருப்பார்களே? ஒன்றும் வரவில்லையே? அப்படியானால் மோதவில்லை. மோதாததற்கு எதற்கு அழுகை? யோசிக்க யோசிக்க முடிச்சு இறுகியதே தவிர அவிழவில்லை. அழுகலை விட்டுவிட்டு ஒரு நல்ல பழத்தை நறுக்கி எறிந்தாள். முத்துமாரி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

மத்தியானம் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. திரிஷாவுக்கு உயிர். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் அப்பா சின்னக்கருப்பு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் பேசாத மனுசர். மருந்தடிப்பது, தண்ணீர் கட்டுவது, கவாத்து வெட்டுவது எல்லாம் அவர் பாடு. யாவாரியோடு பேசுவது, ஆபீசுக்குப் போவது, சண்டை பிடிப்பது எல்லாம் சந்தனம்மாள் பாடு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"ஏத்தா, என்னமோ ரெண்டு ப்ளேனுங்கிறாக. என்னன்னு சொல்லு. பெத்தவளுக்குத் தெரியாம ஊருக்கெல்லாம் தெரியுது."

திரிஷா கையை உதறினாள். "சொன்னாப் புரியாதும்மா."

"புரியுற மாதிரி சொல்லு. அம்புட்டுப் படிச்சவளுக்கு இது சொல்லத் தெரியாதா?"

"ஒரே பாதையில, ஒரே உயரத்துல, முன்னப் பின்ன ரெண்டு ப்ளேன் கடலுக்குள்ள போகுதும்மா."

"போகுது."

"நெலத்துக்கு மேல போறவரைக்கும் எங்களுக்குத் திரையில தெரியும். கடலுக்குள்ளயும் கொஞ்ச தூரம் தெரியும். அதுக்கு அங்கிட்டுத் தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். இந்த எடத்த இத்தன மணிக்குத் தாண்டிட்டேன், அடுத்த எடத்துக்கு இத்தன மணிக்கு வருவேன்னு அவங்க சொல்லுவாங்க. அத வச்சுத்தான் கணக்கு."

"அடி ஆத்தி! கண்ணு தெரியாமலா அம்புட்டுச் சனத்த அனுப்புறீக?"

"அதுக்காகத்தான் உள்ள விடும்போதே எடவெளி வச்சு விடுறது. இப்ப வர்ற ப்ளேன்ல, தான் எங்க இருக்கேன்னு தானாச் சொல்ற மிஷின் இருக்கு. அன்னைக்கு முன்னால போனதுல அது வேல செய்யல. அதனால பழைய கணக்கு. ரெண்டுக்கும் நடுவுல பத்து நிமிசம் இருக்கணும்."

"வச்சியா?"

"வச்சேன்."

"பெறகு என்ன? வச்சாச்சுல்ல?"

"பின்னால போனவன் வேகமாப் போறவன்மா. இந்த வேகத்துக்கு மேல போகாதன்னு அவனுக்குச் சொல்லி விடணும். நான் சொல்லல. சொன்னதா நெனச்சுட்டேன்."

சின்னக்கருப்பு தலையை நிமிர்த்தினார். "நம்ம கம்பமெட்டு மலை ரோட்டுல போற மாதிரி. முன்னால ஒருத்தன் எஸ்டேட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு ஊந்து போவான். பின்னால காலி ஜீப்புக்காரன் அடிச்சுப் பிடிச்சு வருவான்."

"நீங்க சும்மா இருங்க. ஜீப்புக்காரன் ஆரன் அடிப்பான், ஒதுங்குவான். இவன் ஏன் ஆரன் அடிக்கல?"

"அவனுக்கு முன்னால உள்ளவன் தெரியவே மாட்டான்மா. அம்புட்டுத் தூரம்."

"எம்புட்டுத் தூரம்?"

"பத்து நிமிசம்னா... இங்கனயிருந்து மதுரையத் தாண்டி."

சந்தனம்மாள் அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு மகளைப் பார்த்தாள். "மதுரையத் தாண்டிப் போறவன இங்கன இருக்கவன் இடிச்சுருவான்னா பயந்தே?"

"அது கொறஞ்சுக்கிட்டே வந்துச்சும்மா. கடலுக்குள்ள ரொம்ப நேரம் போகணும்ல. நான் கண்டுபிடிக்கும்போது உசிலம்பட்டி தூரத்துக்கு வந்துருச்சு."

"உசிலம்பட்டியிலயா! உசிலம்பட்டி எங்கன கெடக்கு, நாம எங்கன கெடக்கோம்!"

"அம்மா, அது ப்ளேனும்மா. நீ ஆண்டிபட்டிக்கு டிக்கெட் எடுத்து முடிக்கங்குள்ள அது போயிரும். பத்து நிமிசத்துக்குக் கீழ கொறையக் கூடாதுன்னு வச்சுருக்காங்க. கொறஞ்சா தப்புதான்."

"சரி, கொறஞ்சுச்சு. பெறகு?"

"பின்னால உள்ளவன ரேடியோவுல கூப்பிட்டுக் கீழ எறங்கச் சொன்னேன். எறங்கிட்டான். அதோட சரியாப் போச்சு."

"ரெண்டும் போயிச் சேந்துருச்சா?"

"சேந்துருச்சு."

"ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகலையே?"

"ஆகல."

"உள்ள இருந்த சனத்துக்குத் தெரியுமா?"

"அவங்க தூங்கியிருப்பாங்க."

"அப்பொறம் என்ன கருமத்துக்குடி நீ தூங்காமக் கெடக்க?" என்று கத்தியேவிட்டாள் சந்தனம்மாள். வெளியே கட்டிக்கிடந்த ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

சந்தனம்மாளுக்கு இப்போது ஒரு விஷயம் மட்டும் பளிச்சென்று தெரிந்த மாதிரி இருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போட்டுக்குடுத்தது யாரு? அதச் சொல்லு. பக்கத்துச் சீட்டுக்காரனா? ஒன் மேல காந்தல் பிடிச்சவன் எவனாவது இருப்பான்."

"யாரும் போட்டுக்குடுக்கலம்மா."

"பெறகு மேல உள்ளவுகளுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு?"

"நான்தான் சொன்னேன்."

"எத?"

"இப்பிடி ஆயிருச்சுன்னு. என் தப்புன்னு. டூட்டி முடிஞ்சதும் போயிச் சொன்னேன். கீழ எறக்குறது தெனம் நடக்கிற வேல. அதோட விட்டுருந்தா ஒருத்தரும் திரும்பிப் பாத்துருக்க மாட்டாங்க."

சந்தனம்மாள் மகளையும் பார்த்தாள், புருசனையும் பார்த்தாள். தன்னிடம் சொன்னது தமிழ்தான், ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்த வார்த்தைதான், சேர்த்துப் பார்த்தால் ஒரு மண்ணும் விளங்கவில்லை. யாருக்கும் தெரியாது. யாரும் சாகவில்லை. இவளாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். சொன்னதால் சீட்டை விட்டு எழுப்பிவிட்டார்கள்.

"வெலக்கிட்டாகளா?"

"இல்ல. விசாரிக்கிறவரைக்கும் சீட்டுல உக்காரக் கூடாது. அதான் முறை. திங்கக்கிழம வரச் சொல்லிருக்காங்க. விசாரிச்சு, திரும்பக் கொஞ்ச நாள் பயிற்சி குடுத்து உக்கார வைப்பாங்க." சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "நான் போகலம்மா."

"போகலையா?"

"எனக்குப் பயமா இருக்கு. சொல்லாததச் சொன்னதா நெனச்சேன் பாரு, இன்னொருவாட்டி நெனக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? கூட வேல பாக்கிறவங்க வேற, 'வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல, கிறுக்கா நீ'ன்னு கேக்குறாங்க. நீயும் அதே மாதிரிதான் பாக்குற. எனக்கே சொன்னது தப்போன்னு இருக்கு. ஒன்னும் புரியல."

"வேணாம்னா விட்ருத்தா" என்றார் சின்னக்கருப்பு. "பந்தல் இருக்கு. கஞ்சிக்குக் கொறச்சல் இல்ல."

அவ்வளவுதான். சந்தனம்மாள் அவர் மேல் பாய்ந்தாள்.

"பந்தல் இருக்கா? இந்தா பாருங்க எங் கழுத்த. பாருங்கங்கிறேன்! இந்தக் கழுத்த அவளுக்கும் குடுக்கவா பெத்துப் போட்டேன்? இவ அந்தப் பந்தலுக்குள்ள கத்தரியத் தூக்கிட்டு வந்து நின்னா, நான் வாய்க்கால்ல விழுந்துருவேன், ஆமா."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மகள் திங்கட்கிழமை போயாக வேண்டும். போகாவிட்டால் பந்தல்தான். அவளுக்கு உலகத்தில் இப்போது வேறு கவலை கிடையாது, மழை உட்பட.

ஆபீசில் கோளாறு என்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல குலையாகப் பார்த்து வெட்டி, பெட்டி கட்டி, அதிகாரி வீட்டுக்கு அனுப்புவது. இது லஞ்சத்தில் சேராது என்று சந்தனம்மாள் அடித்துச் சொல்வாள். பழம்தானே? பிள்ளைகள் சாப்பிடும். கரண்டு ஆபீசுக்கும், தாலுகா ஆபீசுக்கும் அவள் பெட்டி போயிருக்கிறது. திராட்சையை வேண்டாம் என்று சொன்ன ஆபீசரை அவள் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அட்டைப்பெட்டியும் பழைய பேப்பருமாகக் கிணற்றடிக்குப் போனாள். திரிஷா துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"ஒங்க பெரிய ஆபீசருக்கு. எத்தன புள்ளைக அவுகளுக்கு?"

"ஐயோ, அம்மா! அங்க இதெல்லாம் செய்யக் கூடாது. என்னய வேலைய விட்டே தூக்கிருவாங்க."

"நீதான் வேலைக்குப் போகலையே. ஒனக்கென்ன?"

சந்தனம்மாள் கிணற்று மேட்டில் தனியாகப் படர்ந்திருந்த ஒற்றைக் கொடிக்கு அடியில் போய் நின்று குலைகளைத் தேட ஆரம்பித்தாள். அது வீட்டுக்கொடி. காய் சின்னது, குலையும் சொத்தையும் சொள்ளையுமாக இருக்கும். ஆனால் அதற்கு மருந்து அடிப்பது கிடையாது. அந்தப் பக்கம் பல தோட்டங்களில் அப்படி ஒன்று உண்டு. வீட்டுக்கு, சொந்தக்காரர்களுக்கு, குழந்தை பிறந்த வீட்டுக்கு எல்லாம் அதிலிருந்துதான் போகும். ஏன் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை.

பந்தலிலிருந்து முத்துமாரி எட்டிப் பார்த்தாள். "எக்கா, ஆபீசருக்கு அந்த நோஞ்சான் குலையவா வெட்டுற? இங்கன எம்புட்டுப் பெருசு பெருசாத் தொங்குது!"

"அது மருந்தடிச்சதுடி. இவுக திங்கக்கிழமதான சாம்பல் நோய்க்கு அடிச்சாக? மருந்துக் கடைக்காரரு ஒரு வாரத்துக்கு மேல விட்டு வெட்டணும்னு சொல்லிருக்காரு. ஆபீசர் வீட்டுல சின்னஞ்சிறுசுக இருக்கும், வாயில போட்டுக்கிட்டா?"

சொல்லிவிட்டுத் திரும்பினாள். திரிஷா துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு குனிந்து துவைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பாக்குற?"

"ஒன்னுமில்லம்மா."

ஒன்றுமில்லையாம்! சந்தனம்மாளுக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு எரிச்சல் என்று தெரியாதது இன்னும் எரிச்சல். பெட்டியைக் கட்டி வீட்டு மூலையில் வைத்தாள்.

சாயங்காலம் மலை முழுக்க மறைந்துவிட்டது. காற்றில் மண் வாசனை. பந்தலுக்குள் குலைகள் கறுத்து, பளபளவென்று, தொட்டால் சாறு வடிகிற பதத்தில் தொங்கின. அந்த நேரத்தில்தான் வேல்பாண்டியின் மினி லாரி வரப்போரம் வந்து நின்றது. வேல்பாண்டி கம்பத்து யாவாரி. கேரளத்துக்குப் பழம் ஏற்றுகிறவர். அடுத்த வாரக் கடைசியில்தான் வெட்டு என்று பேசியிருந்தது.

"மதினி! மேல பாத்தீகளா? நாளைக்குக் கொட்டிருச்சுன்னா நீங்களும் போச்சு, நானும் போச்சு. காலையில ஆளுகளக் கூட்டிட்டு வந்துர்றேன். வெட்டிருவோம்."

சந்தனம்மாளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "மகராசனா இருப்பே. நானே போன் அடிக்கணும்னு இருந்தேன்."

வேல்பாண்டி பந்தலுக்குள் நுழைந்து ஒரு குலையைத் தூக்கிப் பார்த்தார். "சர்க்கர ஏறிருச்சு. அருமை, அருமை." பிறகு போனை எடுத்து ஆள்காரனைக் கூப்பிட எண்ணைத் தேடிக்கொண்டே, எல்லாத் தோட்டத்திலும் கேட்பதைக் கேட்டார். "மருந்தெல்லாம் அடிச்சு நாளாச்சுல்ல, மதினி?"

அதற்கு ஒரு பதில் உண்டு. 'அதெல்லாம் ஆச்சு' என்பது அந்தப் பதில். கேட்கிறவர் காதில் வாங்க மாட்டார், சொல்கிறவர் யோசிக்க மாட்டார். வருசத்துக்கு மூன்று வெட்டு, எத்தனை வருசம்! சந்தனம்மாள் அந்தப் பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சின்னக்கருப்பு மருந்துத் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார். கிணற்றடியில் திரிஷா காய்ந்த துணியைக் கயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இல்ல தம்பி" என்றாள் சந்தனம்மாள். "நாளாகல. இந்தத் திங்கக்கிழமதான் அடிச்சது."

வேல்பாண்டியின் விரல் போனில் அப்படியே நின்றது. "என்ன மதினி?"

"நாளாகலங்கிறேன்."

"மதினி... நான் கேட்டேங்கிறதுக்காக நீங்க சொல்லணும்னு இல்ல."

"கேட்டுட்டியே தம்பி."

"கேக்காத மாதிரி வச்சுக்கிருவோம். நான் ஒன்னும் கேக்கல, நீங்க ஒன்னும் சொல்லல. கம்பமெட்டத் தாண்டிக் கேரளாவுக்குள்ள போயிட்டா இது யாரு பழம்னு எவனுக்குத் தெரியப் போகுது? ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆகாது. இத்தன வருசமா ஆச்சா?"

"ஆகல" என்றாள் சந்தனம்மாள். அது உண்மைதான். "எனக்குத் தெரிஞ்சு ஆகல. ஆனா மெட்டுக்கு அங்கிட்டு எனக்கு என்ன தெரியும்? எவ புள்ள திங்குதுன்னு நானா பாத்தேன்? கிணத்தடிக் கொடி வேணும்னா வெட்டிக்க. அதுல ஒன்னுமில்ல."

"அது ஒரு பெட்டிக்குக் காணாது மதினி!" வேல்பாண்டி சின்னக்கருப்பிடம் திரும்பினார். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே. மேகம் கறுத்து நிக்குது."

சின்னக்கருப்பு தெளிப்பானைக் கவிழ்த்து வைத்தார். "யாவாரம் பேசுறது அவதான் தம்பி. அவ சொன்னாச் சொன்னதுதான்."

வேல்பாண்டி தலையைச் சொறிந்தார், மேகத்தைப் பார்த்தார், லாரியில் ஏறினார். "மழை பேயாம இருந்தா அடுத்த வாரம் பாப்போம். பேஞ்சா என்னக் கொற சொல்லாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். லாரி முக்குத் திரும்பி மறையும்வரைக்கும் சந்தனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக்கு வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

"அடிப் பாவி மகளே!" என்று திரிஷாவைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாம் ஒன்னாலதான்டி!"

திரிஷா துணிக் குவியலோடு ஓடி வந்தாள். "நான் என்னம்மா செஞ்சேன்?"

"என்ன செஞ்சியா? நீ ஏன் காலையில அப்பிடிப் பாத்த? ஒரு வெட்டுப் பழம் போச்சுடி! வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல நான்? அவனே கேக்காத மாதிரி வச்சுக்கிருவோம்னான். எனக்கு எந்தப் பேயி பிடிச்சுச்சு?"

அழுகை வந்துவிட்டது. மழைக்கா, பழத்துக்கா, எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. திரிஷா பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். வளைந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"ஏம்மா சொன்ன?"

"தெரியலைங்கிறேன்ல! நீ ஏன் சொன்ன? அதச் சொல்லு மொதல்ல."

"எனக்கும் தெரியலம்மா."

"அப்ப திங்கக்கிழம போயி ஒங்க ஆபீசருகள்ட்டக் கேளு" என்றாள் சந்தனம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவுக படிச்சவுக. யாரும் பாக்கலன்னாலும் ஏன் சொல்லணும்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும். கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு. நானும் தெரிஞ்சுக்கிறேன். ஒரு வெட்டுப் பழத்த விட்டுருக்கேன், எனக்குத் தெரியணும்ல?"

திரிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "அவங்களுக்கும் தெரியாதும்மா."

"தெரியாட்டி அவுகளும் நம்மள மாதிரிக் கூறுகெட்டவுகதான். பெறகு அவுகளப் பாத்து ஒனக்கென்ன பயம்?"

ராத்திரி கொஞ்சம் தூறியது. சந்தனம்மாள் தூங்காமல் ஓட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பெரிதாகவில்லை. விடிந்ததும் பந்தலுக்கு ஓடிப் பார்த்தாள். மேல்வரிசையில் சில குலைகள் வெடித்திருந்தன. மற்றவை அப்படியே இருந்தன, இன்றைக்கு இருக்கிறோம் நாளைக்குத் தெரியாது என்பது போல. மலை இன்னும் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரிஷா பஸ் ஏறினாள். பெரிய பையை வீட்டிலேயே போட்டுவிட்டுச் சின்னப் பையோடு போனாள். அதை வேண்டுமென்றே விட்டாளா, மறந்து விட்டாளா என்று சந்தனம்மாளுக்குப் புரியவில்லை. மனசு மாறித் திரும்பி வந்துவிடுவாளோ என்று ஒரு பயம், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்வாள் என்று ஒரு சமாதானம். ஆபீசருக்கு என்று கட்டிய பெட்டியை ஜன்னல் வழியாக மகளின் மடியில் வைத்தாள்.

"அம்மா, வாங்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல!"

"அவுகளுக்கு இல்ல. நீ தின்னுக்கிட்டே போ. நோஞ்சான் குலைதான், ஆனா நம்பித் திங்கலாம்."

மறுநாள் திங்கட்கிழமை. வெயில் அடித்தது, மேகமும் இருந்தது. அழுகல் கூடிப் போயிருந்ததால் முத்துமாரியும் அவளும் பொழுது கிளம்பியதிலிருந்து பந்தலுக்குள்தான். மகள் இந்நேரம் போயிருப்பாளா, உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்களா, நிற்க வைத்தா? இவள் என்ன சொல்வாள்? போன் இடுப்பில் சும்மா கிடந்தது.

இலைச் சந்துக்கு மேலே எங்கோ ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டது. சந்தனம்மாள் குலையை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். வெகு உயரத்தில், மேற்கே மெட்டுப் பக்கமிருந்து கிழக்கே, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு விமானம் போனது. இத்தனை வருசம் அண்ணாந்து நின்றவள், அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அது கிழக்கே மேகத்துக்குள் போய் மறைந்தது. அவள் பார்வையை எடுக்கவில்லை. அது வந்த திசையைத் திரும்பிப் பார்த்தபடி கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா பாக்குற? அதான் போயிருச்சே."

"பின்னால வாரவனப் பாக்குறேன்."

முத்துமாரியும் அண்ணாந்து பார்த்தாள். "யாரும் வரலையேக்கா."

"வரக் கூடாதுடி" என்றாள் சந்தனம்மாள். "இப்போதைக்கு வரக் கூடாது."